ஒரே மூச்சில் சொல்ல முடியாத பதில்

பாறசாலைச் சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெண்கள் சிலர் போன மழைக்காலத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகள் இப்போது கேட்கிற கேள்விகளுக்குத் தங்களுக்குப் பதில் வரவில்லை என்றார்கள். வேதத்தைக் கடவுள் எழுதினாரா, மனுஷர் எழுதினார்களா என்று ஒருத்தி கேட்டாளாம். கடவுள் எல்லாம் வல்லவர் என்றால் என் அப்பா ஏன் செத்தார் என்று இன்னொருத்தி கேட்டாளாம். உங்கள் காலத்தில் இதற்கெல்லாம் என்ன சொன்னீர்கள், எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நான் சொன்ன பதில்களில் எழுதிவைக்கத் தக்கது அதிகம் இல்லை. ஒரு பெண் என் முன்னால் சொன்ன பதில் ஒன்று உண்டு. அதை எழுதுகிறேன்.

நான் வேதஸ்திரீயாக இருந்தவள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவதும், ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் அவர்களை ஆயத்தப்படுத்துவதும் எங்கள் வேலை. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் பயிற்சி கொடுத்தார்கள். சபைப் போதனையைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்லும் ஞானோபதேச வினாவிடையைத் தமிழிலும் மலையாளத்திலும் தலைகீழாகச் சொல்லும் வரை எங்களை விடவில்லை. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும்.

வேலையை உண்மையில் கற்றுத் தந்தது சலோமி அம்மா. எங்கள் எல்லாருக்கும் மேலே இருந்து மேற்பார்வை பார்த்தவர் அவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. ஒரு வீட்டுக்குள் போனதும் வேதத்தைத் திறக்கக் கூடாது. அங்கே அடுப்பு எரிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக்காரி தரையில் இருந்தால் நாமும் தரையில்தான் இருக்க வேண்டும். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூட வேண்டும். பதில் வரத் தாமதமானால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முதலில் அவள் தன் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும், புத்தகத்தின் சொல் அதற்குப் பிறகுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவர் முன்னால் இருந்து, யார் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று ஒவ்வொரு வீடாக ஒப்பிக்க வேண்டும். "அப்படின்னு அவ நினைச்சிருப்பா" என்று சொன்னால் நிறுத்திவிடுவார். "அவ சொன்னத மட்டும் சொல்லு ரூத்" என்பார்.

தொடக்கத்தில் அதியன்னூரில் ஒரு நெசவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இந்துக் குடும்பம். அந்த வீட்டம்மாவுக்குக் கதை கேட்கப் பிடிக்கும், என்னையும் பிடிக்கும். உங்கள் கடவுள் ஒன்றா மூன்றா என்று ஒருநாள் கேட்டார். எங்களுக்குப் படித்துத் தந்த உவமையைச் சொன்னேன். சூரியன் ஒன்று, அதற்கு உருவம் உண்டு, ஒளி உண்டு, சூடு உண்டு, மூன்றும் ஒரே சூரியன். அவர் தறியை நிறுத்தாமலே, இது சூரியனைப் பற்றியல்லவா, நான் சாமியைப் பற்றிக் கேட்டேன் என்றார். அந்தத் திங்கட்கிழமை இதை ஒப்பித்தபோது சலோமி அம்மா சிரிக்கவில்லை. கடவுள் எதைப்போல என்று விளக்கப் போகாதே, என்ன செய்தார் என்று சொல்லு என்றார். பிதா அனுப்பினார், குமாரன் வந்தார், ஆவியானவர் நம்மோடு தங்கியிருக்கிறார், மூன்று பேரும் செய்தது ஒரே வேலை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும், மிச்சத்துக்கு முன்னால் தலை குனிந்துகொள் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் அதையே கேட்டிருக்கிறார்கள். சூரியனை நான் மறுபடி தொடவில்லை.

எல்லைப் போராட்டம் சூடேறிய வருஷங்கள் அவை. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் இருந்த எங்கள் ஊர்களில் இந்தப் பிளவு வீட்டுக்கு வீடு ஓடியது. அதுவரை அடுப்படியில் தமிழும் சந்தையில் மலையாளமுமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், யார் எந்தப் பேச்சில் முதலில் வாய் திறக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினார்கள். சபையில் பாட்டு எந்தப் பாஷையில் முதலில் பாடுவது என்று வழக்கு வந்தது. எங்கள் சபைப் போதகர் மலையாளி. தமிழர் அவரை ஐயர் என்றார்கள், மலையாளிகள் அச்சன் என்றார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். நெடிய மனிதர், சொல்லைத் தேடித் தேடிப் பேசுவார். தமிழில் பேசும்போது இன்னும் அதிகமாகத் தேடுவார்.

பாக்கியம் அக்காவின் வீடு பாறசாலைக்குத் தெற்கே, ஒரு குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. புருஷன் முன்பே இறந்துவிட்டார். மரச்சீனிக் கிழங்கு பயிரிட்டும் ஓலை முடைந்தும் ஒரே மகனை வளர்த்தாள். ஞானதாஸ் என்று பெயர், பாறசாலைச் சந்திப்பில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். அக்கா சிறுவயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவள். ஆனால் திருவிருந்தில் பங்கு பெற வேண்டுமானால் ஞானோபதேசம் படித்து, ஐயருக்கும் சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன்மாருக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டும். எழுத்தறியாத கூச்சத்தில் அவள் அதற்கு வராமலே இருந்துவிட்டாள். அப்பமும் ரசமும் கொடுக்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வாள். மகனுக்கு அந்த வயது வந்ததும், நீயும் வா அம்மா, இரண்டு பேரும் சேர்ந்தே சேரலாம் என்று அவன்தான் இழுத்து வந்தான்.

இருவருக்கும் சேர்த்து நான் பாடம் எடுத்தேன். அவன் பதிலை மளமளவென்று ஒப்பிப்பான். அவள் தட்டித் தடுமாறுவாள். தடுமாறும்போது அவன் முகத்தைப் பார்ப்பாள், அவன் உதட்டை மட்டும் அசைத்துக் காட்டுவான். நான் கண்டும் காணாததுபோல் இருப்பேன். வினாவிடையில் முதல் கேள்வி, தேவன் யார் என்பது. அவர் சர்வ வல்லவர், அவர் நம்முடைய பிதா என்று பதில் தொடங்கும். அதை மட்டும் அவள் தடுமாறாமல் சொல்லுவாள்.

ஒருநாள் மதராஸோடு சேரக் கேட்டுச் சந்தைப் பக்கம் ஊர்வலம் போயிற்று. ஞானதாஸும் போனான். கூட்டம் கலைந்து ஓடியபோது தலையில் அடிபட்டது. அது தடியடியா, எங்கிருந்தோ வந்த கல்லா, ஓடும்போது விழுந்ததா என்று கடைசிவரை தெளியவில்லை. அவரவர் பக்கத்துக்கு ஏற்றபடி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிறகு போய்விட்டான்.

அடக்கத்தின்போது நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஒரு வாரம் கழித்து, அவளே ஆள் விட்டு என்னை அழைத்தாள். முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். பாடத்தைத் தொடருவோம் என்றாள். அவசரம் இல்லை அக்கா என்றேன். அவன் தொடங்கியது, முடிக்க வேண்டும் என்றாள். சரி என்று வழக்கம்போல முதல் கேள்வியில் தொடங்கினேன். தேவன் யார்?

அவள் கை நின்றுவிட்டது. சட்டப்படி நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"சர்வ வல்லவர்னு சொல்லுவேன் டீச்சரே," என்றாள். "பிதான்னும் சொல்லுவேன். ரெண்டையும் ஒரே மூச்சில சொல்ல எனக்கு ஏலாது. எல்லாம் செய்யியதுக்குப் பலம் உள்ள அப்பன் ஒருத்தன் பாத்துக்கிட்டு இருப்பானா?"

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி உதைக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். என்னிடம் பதில் இருந்தது. பாவம், மனுஷனுடைய சுயாதீனம், தேவனுடைய மறைவான சித்தம் என்று பயிற்சியில் படித்த பதில்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் அந்த முற்றத்தில் எடுத்து வைக்க மனம் வரவில்லை. தெரியாதக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் சலோமி அம்மாவிடம் போனேன். அவள் சொன்ன சொற்களை இரண்டு முறை சொல்லச் சொன்னார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன் என்றேன். நல்லது என்றார். பிறகு தம் வேதப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கும் இளவயதில் ஒரு குழந்தை இறந்துபோயிற்று என்று எனக்கு அப்போது தெரியாது.

"அவ கேட்டத அவளுக்கு முன்னாலேயே கேட்டவங்க வேதத்துக்குள்ள இருக்காங்க," என்றார். "அவங்க கேட்டத யாரும் வெட்டி எறியல்ல. அத வாசிச்சுக் குடு. விளக்கம் சொல்லாத."

அதன்படி வாரந்தோறும் போனேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்து, கடவுளை வழக்குக்கு அழைத்தவனை வாசித்தேன். முகத்தை ஏன் மறைக்கிறீர் என்று முறையிட்ட சங்கீதக்காரர்களை வாசித்தேன். தான் பிறந்த நாளையே சபித்த தீர்க்கதரிசியை வாசித்தேன். அவள் மரச்சீனி உரித்துக்கொண்டே கேட்பாள். முடிந்ததும், இவனுக்குப் பதில் கிடைத்ததா என்று மட்டும் கேட்பாள். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைத்ததாக எழுதவில்லை என்பேன். இப்படியெல்லாம் கடவுளிடம் பேசலாமா, பேசியதை வேதத்தில் வைத்திருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டாள். அவளுக்குத் தெரிந்த வேதம் ஐயர் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்லும் ஆறுதல் வசனங்கள் மட்டுமே.

ஒருநாள் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு தாயின் கதையை வாசித்தேன். முந்தைய ராஜா செய்த பழைய கொலைகளுக்கு ஈடாக அவளுடைய இரண்டு மகன்களையும் கொன்று மலைமேல் தூக்கிவிட்டார்கள். அடக்கம் செய்ய விடவில்லை. அவள் ஒரு இரட்டுத் துணியை எடுத்துப் பாறையில் விரித்து, அறுவடைக் காலம் தொடங்கி மழை இறங்கும் வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவையும் இருட்டில் மிருகமும் அந்த உடல்களை அண்டவிடவில்லை. கடைசியில் செய்தி ராஜாவின் காதுக்கு எட்டியது. அவன் எலும்புகளை எடுத்து மரியாதையோடு அடக்கம் பண்ணினான்.

பாக்கியம் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவ என்ன சொன்னா மக்கா?" என்று கேட்டாள். அதுவரை டீச்சர் என்றே அழைத்தவள்.

"ஒண்ணும் சொன்னதா எழுதல்லக்கா."

"பின்ன இது எப்படி வேதத்தில வந்து?"

அன்றுதான் நான் விளக்கம் சொன்னேன். அவள் கேட்டதால் சொன்னேன். வேதம் மேலேயிருந்து கட்டாக விழுந்த புத்தகம் இல்லை. அந்தப் பாறைப் பக்கம் போன யாரோ அவளைப் பார்த்திருப்பார்கள். பார்த்தவர் சொல்ல, கேட்டவர் மறக்காமல் வைத்திருந்து பிள்ளைகளுக்குச் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் பிறகு தோலில் எழுதியிருப்பார். தோல் நைந்தபோது இன்னொருவர் பார்த்துப் பார்த்து எழுதினார். ஊர் பிடிபட்டு அடிமைகளாகப் போனபோதும் அதைச் சுமந்துகொண்டு போனார்கள். எழுதியவன் பேர்கூடச் சில இடங்களில் தெரியாது. அவர்கள் பேசியது எபிரெயு. பிற்பாடு வந்த அப்போஸ்தலர்கள் கிரேக்கில் எழுதினார்கள். பல கை மாறித்தான் நம் பேச்சுக்கு வந்தது. அத்தனை கைகளோடும் தேவனுடைய ஆவி கூட இருந்தது, எதை விடக் கூடாதோ அதை விடாமல் பார்த்துக்கொண்டது என்று நாம் விசுவாசிக்கிறோம். இதைத்தான் வேதம் தேவனால் அருளப்பட்டது என்று வினாவிடையில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறது என்றேன்.

அவள் கத்தியை மறுபடி எடுத்தாள். மலையாள வேதத்திலும் இந்தத் தாய் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன்.

"அப்ப அவியளும் இவளப் பத்திப் படிச்சிருப்பாவ," என்றாள்.

இதற்கிடையில் அவள் திருவிருந்தில் சேரப்போகிறாள் என்ற செய்தி ஊரில் பரவியது. போராட்டத்தில் இருந்த இரண்டு பேர் வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானதாஸின் படத்தோடு ஊர்வலமாக அவளை ஆலயத்துக்கு அழைத்துப் போகிறோம் என்றார்கள். நல்ல பிள்ளைகள், அவன் கூட்டாளிகள், அவர்கள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவனுடைய பெயரை உங்கள் கூட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், அது அவனுக்குப் பிரியம், ஆனால் கர்த்தருடைய மேசைக்கு நான் தனியாக வருகிறேன் என்று சொல்லி, பால் விடாத கட்டன்சாயா கொடுத்து அனுப்பினாள்.

விசாரணை ஒரு சனிக்கிழமை மதியம், ஆலயத்தை ஒட்டிய சிறு அறையில் நடந்தது. ஐயர் நடுவில். டீக்கன்மார் இருபுறமும் பெஞ்சில். சலோமி அம்மாவும் நானும் வாசலருகே நின்றோம். பாக்கியம் அக்கா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்தி நின்றாள். ஐயர் தமிழில் கேட்டார். தேவன் யார்?

அவள் இடப்புறம், மகன் இருந்து உதட்டை அசைத்துக் காட்டும் பக்கம், திரும்பிப் பார்த்தாள். பள்ளி ஆசிரியரான ஒரு டீக்கனார், ஆயத்தம் போதவில்லை போலிருக்கிறது, இன்னொரு மாதம் பார்க்கலாம் என்று தொடங்கினார். ஐயர் கையை லேசாக உயர்த்தினார். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் அன்றைக்குப்போல என்றைக்கும் எனக்குக் கனத்ததில்லை.

"அவரு சர்வ வல்லவர் ஆக்கும்," என்றாள். நிறுத்தினாள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவரு பிதான்னும் படிச்சுத் தந்தாவ. அது ரெண்டும் எப்படிச் சேரும்னு எனக்குத் தெரியல்ல ஐயரே. பாறையில இருந்தாளே ஒருத்தி, அவளுக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா அவ இருந்தத அவரு விடாம எழுத வச்சிருக்காரு. அப்ப நான் இருக்கியதும் அவருக்குத் தெரியும். அதுதான் எனக்குத் தெரியும்."

ஆசிரியர் டீக்கனார் மெல்லிய குரலில் மறுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சபை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் இருந்தவர் அவர். புத்தகத்தில் உள்ள பதில் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதால்தான் நாம் ஒரு சபையாக இருக்கிறோம், இன்றைக்கு ஒருத்திக்கு விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு பதில் வரும் என்றார். ஐயர் ஒரு பக்கத்துக்கு இளகிவிட்டார் என்ற பேச்சும் வரும் என்றார். இரண்டும் உண்மையாகக் கூடியவைதான்.

ஐயர் அவளிடம் இன்னும் ஒன்று கேட்டார், வினாவிடையில் இல்லாதது. அப்படியிருக்க, நீ எதற்காக மேசைக்கு வருகிறாய்?

"எனக்க பிள்ளை வரணும்னு இருந்தான். அவனுக்க கூட வாறதா வாக்குச் சொல்லியிருந்தேன்," என்றாள்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலில் மலையாளத்தில் டீக்கன்மாரிடம் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, அவளுக்கும் விளங்க வேண்டும் என்று தமிழுக்கு மாறினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடினார்.

"இந்த அம்மை சொன்னது நம்ம வினாவிடைப் புஸ்தகத்தில இல்ல. ஆனா அந்தப் புஸ்தகம் எதுல இருந்து வந்ததோ, அதுல உண்டு."

எழுந்து நின்று ஜெபித்தார். டீக்கன்மாரும் எழுந்தார்கள். ஆசிரியரும் எழுந்தார், கடைசியாக. அடுத்த மாதம் பாக்கியம் அக்கா முழங்காலிட்டு அப்பத்தை வாங்கினாள். தனக்கு இடப்புறம் ஒரு ஆள் முழங்காலிடும் அளவு இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் யாரும் வந்து நிற்கவில்லை.

பிறகு எல்லையைப் பிரித்தார்கள். தெற்கே நான்கு தாலுகாக்கள் மதராஸோடு போயின. நாங்கள் இந்தக் கேரளப் பக்கமே நின்றோம். மகன் எதற்காக ஊர்வலம் போனானோ அது அவளுடைய வீட்டு வாசலுக்கு வரவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டு நான் கேட்கவில்லை. முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டு, அக்கம்பக்கத்தில் துக்கம் நடந்தால் முதல் ஆளாகப் போய், பேசாமல் கூட இருந்துவிட்டு வருவாள். தமிழ் வீடு, மலையாள வீடு என்று பார்க்கமாட்டாள்.

ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்வோம். அதன் தொடக்கத்திலேயே சர்வ வல்லவர், பிதா என்ற அந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வரும். சபை முழுவதும் ஒன்றாகச் சொல்லிப் போகும்போது, என் பக்கத்தில் நிற்கும் பாக்கியம் அக்கா முதல் சொல்லைச் சொல்லி நின்றுவிடுவாள். பிறகு அவள் குரல் பின்னால் தனியாக வரும். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். சில வாரங்கள் இப்படி நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னால் நின்று சொல்லித்தந்த ஐயர், முதல் சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். எல்லாரும் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு அடுத்த சொல்லைச் சொன்னார். அவள் குரல் எல்லாருடைய குரலுக்குள்ளும் சேர்ந்துகொண்டது. மலையாள ஆராதனையிலும் அதே இடத்தில் நிறுத்தினார். ஏன் என்று யாருக்கும் அவர் விளக்கவில்லை.

வெளியே வரும்போது, ஐயர் உங்களுக்காகத்தான் நிறுத்தினார் என்று அவளிடம் சொன்னேன். குடையை விரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் இல்ல மக்கா," என்றாள். "அந்த இடத்தில மூச்சு வாங்க வேண்டிய ஆளு நம்ம சர்ச்சில நெறைய உண்டு."